சோயாப் பால் எடுத்த சக்கையில் மோச்சி செய்வது எப்படி?

வீட்டில் சோயாப் பால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைக் கொண்டு, உடலுக்கு நலம் தரும் ஜப்பானிய மோச்சியைச் செய்ய முடியுமா என்றும், ஒருமுறை செய்து பார்த்தபோது வில்லைகளின் ஓரம் வெடித்து, வாயில் மாவு மாவாகத் தட்டியது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஜப்பானில் இந்தச் சக்கைக்கு ஒகாரா என்றும், அதில் செய்வதற்கு ஒகாரா மோச்சி என்றும் பெயர் உண்டு. வீட்டுச் சமையலில் பலரும் செய்யும் எளிய பண்டம்தான். உங்களுக்கு நேர்ந்த இரண்டு குறைகளுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: மாவுச்சத்து முழுவதும் வேகத் தேவையான நீர் மாவில் இல்லாமல் போயிருக்கும். எது பசையைத் தருகிறது, சக்கை அதில் என்ன செய்கிறது என்பது விளங்கிவிட்டால் அளவுகளை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்பதால், அதை முதலில் சொல்லிவிட்டுச் செய்முறைக்கு வருகிறேன்.

மரபான மோச்சி, மோச்சிகோமே எனப்படும் பசையரிசியை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறும் முன் உரலில் இட்டு மரச் சம்மட்டியால் இடித்துச் செய்யப்படுவது. உரலுக்கு உசு என்றும் சம்மட்டிக்குக் கினே என்றும் பெயர். சாதாரண அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்ற இரண்டும் கலந்திருக்கின்றன. பசையரிசியில் அமைலோஸ் அநேகமாக இல்லை. கிளைத்துப் படர்ந்த அமைலோபெக்டின் மூலக்கூறுகள் வெந்து நீரைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான் மோச்சி இழுக்க இழுக்க நீள்கிறது. கோதுமையின் பசைப்புரதமான குளூட்டனுக்கு இதில் வேலையே இல்லை.

சோயாச் சக்கையில் அப்படி நீளக்கூடிய பொருள் எதுவும் கிடையாது. முற்றிய சோயா விதையில் மாவுச்சத்தே மிகக் குறைவு. சக்கையாக மிஞ்சுவது பெரும்பாலும் விதையின் செல்சுவர்கள், அதாவது கரையாத நார். அதோடு பாலில் இறங்காமல் தங்கிய கொஞ்சம் புரதமும் கொழுப்பும் இருக்கும். ஆகவே சக்கையை மட்டும் எவ்வளவு பிசைந்தாலும் அது மோச்சி ஆகாது. பசையை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். ஜப்பானிய வீடுகளில் அதற்குப் பெரும்பாலும் கதகுரிகோ என்னும் மாவைச் சேர்க்கிறார்கள். கதகுரி என்ற காட்டுச் செடியின் கிழங்கிலிருந்து முற்காலத்தில் எடுக்கப்பட்டதால் வந்த பெயர் அது. இன்று அந்தப் பெயரில் விற்பது உருளைக்கிழங்கு மாவுச்சத்துதான். ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து இதே மாவைச் சேர்த்துச் செய்யும் இமோமோச்சிக்கு ஒகாரா மோச்சி நெருங்கிய உறவு. அரிசி மோச்சியைப் போல முழ நீளத்துக்கு இழுபடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். வெளியே லேசான மொறுமொறுப்பும், உள்ளே மெத்தென்று மெல்ல இழுபடும் தன்மையும் கொண்ட, பல்லுக்கு இலகுவான பண்டம் என்று எண்ணிச் செய்தால் மனம் நிறையும்.

சக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனமில்லை. ஒகாரா என்பதில் உள்ள காரா என்ற சொல் ஓடு, எடுத்தது போக மிஞ்சியது என்ற பொருளைத் தருவது. அதன் வெண்மையைப் பார்த்து உனோஹானா என்ற வெள்ளைப் பூவின் பெயராலும் அதை அழைக்கிறார்கள். கிராசு என்று இன்னொரு பெயரும் உண்டு. வெட்டாமலே சமைக்கலாம் என்பது அதன் பொருள். இத்தனை அருமையான பெயர்களை வைத்த நாட்டிலேயே, சோயாப் பாலைத் திரியவைத்துச் செய்யும் கட்டியான தோஃபுவின் ஆலைகளில் மிஞ்சும் சக்கையில் மிகப் பெரும்பகுதி மாட்டுத் தீவனமாகவும் உரமாகவும் கழிவாகவும் போகிறது. மக்கள் உண்பது சிறு பங்குதான். 1999 மார்ச் மாதத்தில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் தோஃபு ஆலைச் சக்கையைத் தொழிற்கழிவு என்றே ஒரு வழக்கில் வகைப்படுத்தியது. அதற்குச் சுவை காரணம் அல்ல. ஈரமும் சத்தும் மிகுந்த பொருளாதலால் விரைவில் கெட்டுப்போகிறது, அதுதான் சிக்கல். பால் எடுத்த அன்றே பயன்படுத்த முடிகிற வீட்டுச் சமையலறைக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பதால்தான் இதை வீட்டில் செய்யுமாறு எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

இனி, கவனிக்க வேண்டிய முதல் விஷயம் உங்கள் சக்கை வெந்ததா, பச்சையா என்பது. சோயாப் பால் எடுப்பதில் இரு வழிகள் உண்டு. ஊறிய விதையை அரைத்த விழுதைக் கொதிக்கவைத்துப் பிறகு துணியில் பிழிவது ஒன்று. அரைத்தவுடன் பிழிந்துவிட்டுப் பாலை மட்டும் காய்ச்சுவது மற்றொன்று. முதல் வழியில் சக்கையும் வெந்திருக்கும். இரண்டாம் வழியில் அது பச்சையாகவே இருக்கும். பச்சைச் சோயாவில், புரதம் செரிப்பதற்கு உதவும் டிரிப்சின் என்ற நொதியைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. நன்றாக வேகவைத்தால் அவற்றின் வீரியம் பெருமளவு அடங்கிவிடும். வில்லைகளாகத் தட்டி வாணலியில் சில நிமிடம் வாட்டும்போது நடுப்பகுதிக்குக் கிடைக்கும் சூட்டை மட்டும் நம்புவது போதாது. எனவே பச்சைச் சக்கையாக இருந்தால், அது மூழ்கும் அளவு நீர் விட்டு, கொதி வந்தபின் 10 நிமிடமாவது கிளறியபடி வேகவைத்து, ஆறவிட்டுப் பிழிந்துகொள்ளுங்கள். நுரை பொங்கி வழியும் என்பதால் அகலமும் ஆழமும் உள்ள பாத்திரம் தேவை.

பலரைச் சோயாவை விட்டே விலக வைக்கும் பச்சை வாடைக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. விதை அரைபட்டு நீரோடு சேரும் கணத்திலேயே லிப்பாக்ஸிஜனேஸ் என்ற நொதி அதன் கொழுப்பின் மீது வேலை செய்யத் தொடங்கி அந்த வாடையை உண்டாக்குகிறது. ஊறிய விதையைக் கொதிநீர் விட்டு அரைத்தால் நொதி செயலிழந்து வாடை வெகுவாகக் குறையும். மிக்சியில் சூடான நீரை ஊற்றும்போது பாதியளவுக்கு மேல் நிரப்பாமல், ஆவி வெளியேற இடம் விட்டு அரைக்க வேண்டும். ஏற்கெனவே எடுத்துவிட்ட சக்கையில் வாடை இருந்தால், எண்ணெய் இல்லாத வாணலியில் மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் கிளறினால் ஓரளவு போய்விடும், ஆனால் ஈரமும் கூடவே போகும் என்பதை நினைவில் வைத்து அந்த அளவு நீரைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

இந்த ஈரம்தான் முழு வேலையின் உயிர்நாடி. கடையில் கிடைக்கும் புதிய ஒகாராவின் எடையில் முக்கால் பங்கு நீர். வீட்டில் கையால் பிழிந்தது பெரும்பாலும் அதைவிடச் சற்றுக் கூடுதல் ஈரத்தோடு இருக்கும். இயந்திரத்தில் பிழிந்தது வறண்டிருக்கும். உலர்ந்த ஒகாராத் தூள் என்றால் அதன் எடையைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமான நீரைச் சேர்த்துக் கால் மணி நேரம் வைத்தால்தான் புதிய சக்கையின் நிலைக்கு வரும். இதனால் எந்தக் குறிப்பிலும் தரப்படும் நீரின் அளவு உங்கள் சக்கைக்கு அப்படியே பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை. தொடக்கத்தில் நான் சக்கையை எவ்வளவுக்கு எவ்வளவு இறுக்கிப் பிழிகிறேனோ அவ்வளவுக்கு நல்லது என்று எண்ணியிருந்தேன். வில்லைகள் அழகாகத் திரண்டன. வாட்டியதும் ஓரமெல்லாம் வெடித்தன. வாயில் போட்டால் வேகாத மாவு நாக்கில் ஒட்டியது. சக்கையின் நார் நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ள, மாவுச்சத்துக்கு ஊதி வேக நீர் கிடைக்காமல் போனதே காரணம் என்று பிறகுதான் புரிந்தது. ஒரு கைப்பிடி சக்கையை எடுத்து மெதுவாக அழுத்திக் கையை விரியுங்கள். பிடித்த வடிவம் உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை பளபளவென்று நனைந்திருக்க வேண்டும். அந்தப் பதம் சரியானது.

அளவுக்கு வருவோம். அந்தப் பதத்தில் உள்ள சக்கை 100 கிராம், உருளைக்கிழங்கு மாவுச்சத்து 30 கிராம், சர்க்கரை சேர்க்காத சோயாப் பால் 50 மில்லி லிட்டர், ஒரு சிட்டிகை உப்பு. சக்கையையும் மாவையும் உலர்வாகவே விரல்களால் உதிர்த்துக் கலந்து, கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகு பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். ஜப்பானில் உருண்டை மாவின் பதத்தைக் காதின் கீழ் மடலின் மென்மை என்று சொல்வார்கள். ஒரு கையால் மாவையும் மறு கையால் உங்கள் காது மடலையும் தொட்டுப் பாருங்கள், இதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. ஒரு சிறு துண்டைத் தட்டையாக அழுத்தும்போது ஓரம் கிழிந்தால் ஒரு தேக்கரண்டி பால் கூட்டுங்கள். கையில் ஒட்டி வந்தால், மாவைக் கூட்டாமல் ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். சக்கை அந்த நேரத்தில் நீரை இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு மாவைக் கூட்டுவதுதான் இந்தப் பண்டத்தின் நலத்தைக் கெடுக்கும் முதல் படி.

எட்டுப் பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 1 சென்டிமீட்டருக்கு மேற்படாத கனத்தில் வட்டமாகத் தட்டுங்கள். கனம் கூடினால் வெளிப்புறம் கருகும்வரை நடுப்பகுதி வேகாது. வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயைப் பரப்பி, மிதமான தீயில் வில்லைகளை அடுக்கி, அடிப்புறம் பொன்னிறமாகும்வரை மூன்று நான்கு நிமிடம் விட்டுத் திருப்புங்கள். திருப்பியதும் இரண்டு மேசைக்கரண்டி நீரை ஓரமாக ஊற்றி மூடிவிடுங்கள். உருளைக்கிழங்கு மாவுச்சத்து 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே நீரை உறிஞ்சி ஊதத் தொடங்கும்; மூடியின் கீழே தேங்கும் ஆவி அந்த வேலையை நடுப்பகுதி வரை கொண்டுசெல்கிறது. மூன்று நிமிடம் கழித்துத் திறந்தால், சுண்ணாம்பு போல் வெளுத்திருந்த பக்கவாட்டு மங்கிய ஈர வெண்மைக்கு மாறியிருக்கும்; விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல மேலெழும். இன்னும் சுண்ணாம்பு வெண்மை தெரிந்தால் மேலும் ஒரு கரண்டி நீர் விட்டு மூடுங்கள். நீர் வற்றியபின் திறந்த வாணலியில் ஒரு நிமிடம் விட்டால் மொறுமொறுப்பு திரும்பி வரும்.

இழுபடும் தன்மைதான் வேண்டும், மொறுமொறுப்பு தேவையில்லை என்பவர்களுக்கு வேறொரு வழி உண்டு. 50 கிராம் சக்கை, 30 கிராம் மாவுச்சத்து, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, 200 மில்லி லிட்டர் சோயாப் பால் ஆகியவற்றைக் குளிர்ந்த நிலையிலேயே மிக்சியில் மைய அரைத்து, அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் இடைவிடாமல் கிளற வேண்டும். வெகு நேரம் எதுவும் நடவாதது போலத் தோன்றும். பிறகு அடியில் திட்டுத் திட்டாகக் கட்டி தட்டும். அப்போது பயந்து தீயை அணைத்துவிடாமல் வேகமாகக் கிளறினால் எல்லாம் ஒன்றாகத் திரண்டு கரண்டியோடு சேர்ந்து சுற்றும். அதற்குப் பிறகும் இரண்டு நிமிடம் கிளறுவதில்தான் இழுவை பிறக்கிறது. நனைத்த கரண்டியால் சிறு சிறு துண்டுகளாக எடுத்து, வறுத்த சோயா மாவான கினாக்கோவில் புரட்டினால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. பசையரிசி மாவான ஷிராதமாகோ கிடைத்தால் அதில் 100 கிராமும், சக்கை 50 கிராமும், மென்மையான தோஃபு ஏறத்தாழ 150 கிராமும் பிசைந்து உருட்டி, கொதிநீரில் மிதந்து வந்தபின் மேலும் இரண்டு நிமிடம் வேகவைக்கலாம். சுவையில் அசல் மோச்சிக்கு மிக அருகில் நிற்பது இதுதான். ஆனால் மாவின் பங்கு கூடிவிடுவதால், நீங்கள் கேட்ட நலத்தின் கணக்கில் முதல் முறையே மேலானது.

அந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் சக்கை சேர்ந்த எதையும் எடை குறைக்கும் உணவு என்று சொல்லிவிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. ஜப்பான் கல்வி அமைச்சகம் வெளியிடும் உணவுக் கூறு அட்டவணையின்படி, 100 கிராம் புதிய ஒகாராவில் நார்ச்சத்து ஏறத்தாழ 11.5 கிராம், புரதம் 6 கிராம், ஆற்றல் 90 கலோரிக்குச் சற்றுக் குறைவு. அரிசி மோச்சியில் 100 கிராமுக்கு 220 கலோரிக்கு மேல் ஆற்றலும் 50 கிராம் மாவுப்பொருளும் உண்டு. நார்ச்சத்து அரை கிராம் அளவே. நான் சொன்ன முதல் செய்முறையில் சக்கை, மாவு, பால், எண்ணெய் எல்லாம் சேர்ந்து மொத்தம் 250 கலோரி அளவில் வரும். செரிமானமாகும் மாவுப்பொருள் 28 கிராம் அளவு. அதே 180 கிராம் எடைக்கு அரிசி மோச்சி உண்டால் 400 கலோரியும் 90 கிராம் மாவுப்பொருளும் உட்செல்லும். வேறுபாடு பெரியதுதான். ஆனால் புரதத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஒகாரா மோச்சி புரதம் மிகுந்த உணவு என்று சொல்வது மிகை. அதன் உண்மையான வலிமை நார்ச்சத்தில் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உருளைக்கிழங்கு மாவுச்சத்து என்பது எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தூய மாவுப்பொருள். மாவு கையில் ஒட்டுகிறது என்று 30 கிராமை 60 கிராமாக ஆக்கிவிட்டால், நீங்கள் எதற்காக இந்தப் பண்டத்தைத் தேர்ந்தீர்களோ அந்தக் காரணத்தில் பாதி போய்விடும். நீரிழிவு உள்ளவர்கள் இதையும் மாவுப் பண்டமாகவே கணக்கில் வைத்து, உணவுக்கு மேல் கூடுதலாக இல்லாமல் உணவின் ஒரு பகுதியாக உண்பது முறை.

நலத்தைக் குலைக்கும் இரண்டாவது இடம் மேலே ஊற்றும் குழம்பு. மிதராஷி என்ற இனிப்பும் உப்பும் கலந்த சாறு இதற்கு வெகு பொருத்தம்: சோயா சாஸ், சர்க்கரை, மிரின் என்ற இனிப்பான சமையல் அரிசி மது ஒவ்வொன்றும் ஒரு மேசைக்கரண்டி, நீர் மூன்று மேசைக்கரண்டி, மாவுச்சத்து ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கலக்கிக் கொதிக்கவைத்தால் பளபளப்பாகத் திரளும். சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் மட்டும் இரண்டரை கிராமுக்குக் குறையாத உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே ஒருவரே எட்டு வில்லைகளையும் முழுச் சாற்றோடு உண்பது சரியல்ல. நான் வீட்டில் சோயா சாஸையும் சர்க்கரையையும் பாதியாக்கி, குறைந்த சுவைக்கு ஈடாக நோரி கடற்பாசித் தாளை வாட்டிச் சுற்றிவிடுகிறேன். இசோபே என்ற பெயரில் மோச்சிக்கு ஜப்பானியர் செய்வதும் இதுவே. நோரியின் மணம் சாற்றின் பற்றாக்குறையை உணரவே விடாது.

சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. நாருக்குப் பழகாதவர்கள் முதல் நாளே நிறைய உண்டால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வில்லைகளோடு தொடங்கி, போதிய நீர் அருந்துவது நல்லது. அரிசி மோச்சி தொண்டையில் அடைத்து முதியோர் மூச்சுத் திணறும் விபத்துகள் ஜப்பானில் புத்தாண்டு நாட்களில் ஆண்டுதோறும் நேர்கின்றன. தோக்கியோ தீயணைப்புத் துறை அதற்காகவே எச்சரிக்கை விடுக்கிறது. வாட்டிய ஒகாரா மோச்சி எளிதில் கடிபடும் என்றாலும், கிளறிச் செய்யும் வகையும் பசையரிசி சேர்ந்த வகையும் ஒட்டும் தன்மை உடையவையே. முதியோருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் சிறு துண்டுகளாக நறுக்கி, அருகில் இருந்து, பேசிக்கொண்டே விழுங்காமல் மென்று உண்ணுமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கையைச் சேமிப்பதைப் பொறுத்தவரை, ஆறியவுடன் குளிர்பெட்டியில் வைத்தாலும் மறுநாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். புளித்த வாடையோ வழவழப்போ தெரிந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். 100 கிராம் பொட்டலங்களாகத் தட்டையாக அழுத்தி உறையவைத்தால் ஒரு மாதம் தாங்கும், பயன்படுத்தும்போது உறைந்த பாறையை உடைக்கும் வேலையும் இருக்காது. செய்த மோச்சியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பது அதைக் கெட்டியாக்குவதற்கு நேர்வழி, ஏனெனில் வெந்த மாவுச்சத்து குளிரில் மீண்டும் இறுகி, பிடித்திருந்த நீரை விட்டுவிடும். மிஞ்சும் என்று தெரிந்தால் தட்டிய வில்லைகளை வாட்டாமலே, இடையில் தாள் வைத்து உறையவைத்து, வேண்டும்போது உறைந்த நிலையிலேயே வாணலியில் இட்டு, மூடி வேகவைக்கும் நேரத்தை மட்டும் இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். வாட்டியது மிஞ்சி இறுகிவிட்டால் ஒரு கரண்டி நீர் தெளித்து மூடிச் சூடாக்கினால் மென்மை பெருமளவு திரும்பிவிடும்.